குடல் உணவும் கொரிய மக்களும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நாட்டு அரசர்களின் பெயர்களையும் அவர்கள் நடத்திய போர்களையும் முதற்கண் ஆராய்வர். அவ்வாராய்ச்சி இன்றியமையாததே. எனினும், அந்நாட்டு மக்கள் எதனை உண்டனர், உண்ணும் பொருளை ஆக்கிக் கொடுத்தோர் யாவர், ஆக்கிக் கொடுத்தோரை உண்டோர் எவ்வாறு நடத்தினர் என்னும் வினாக்களுக்கு விடை காணும்வரை அவ்வரலாறு முழுமை பெறுவதில்லை. கொரிய நாட்டார் விரும்பி உண்ணும் குடல் உணவு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தென்கொரியாவின் தலைநகராகிய சியோலில் மாலை வேளையில் தெருவழிச் செல்வோர், குடல் உணவுக் கடைகளின் வாயிலில் மக்கள் வரிசையாகக் காத்து நிற்பதைக் காணலாம். உள்ளே மேசையின் நடுவே அடுப்பு. அடுப்பின்மேல் இருப்புத் தட்டு. தட்டில் மாட்டுக்குடல் தன் கொழுப்பிலேயே பொரிந்துகொண்டிருக்கும். இவ்வுணவு ஏழைகளின் உணவாகவே பிறந்தது என்றும், செல்வர் வேண்டாமென எறிந்ததை எளியோர் எடுத்து உண்டதால் தோன்றியது என்றும் பலர் கூறுவர். இக்கூற்றில் ஒரு பகுதியே உண்மை. பழைய நூல்களைப் புரட்டிப் பார்ப்போமாயின், கொரியச் செல்வர் குடலை எறிந்துவிடவில்லை என்பது புலனாகும். அவர்கள் ஒதுக்கி வைத்தது, மாட்டை அறுத்துக் குடலை எடுத்துக் கொடுத்த மக்களையே ஆகும்.

பெயரும் உறுப்பும்

மாட்டின் சிறுகுடலைக் கொரியர் 'கோப்சாங்' என்பர். 'சாங்' என்பது குடலைக் குறிக்கும் சீன வழிச் சொல். 'கோப்' என்பதற்கு அறிஞர் இருவகையாகப் பொருள் கூறுவர். கொழுப்பு என்பார் ஒரு சாரார். வளைவு என்பார் மற்றொரு சாரார். குடல் கொழுப்பும் உடையது, வளைந்தும் கிடப்பதாதலின் இரண்டுமே பொருந்துவன போலத் தோன்றும். இக்காலத்தில் உண்போரோ, குடலுக்குள் தங்கியிருந்து தீயில் இறுகும் வெண்மையான குழம்பினையே 'கோப்' என வழங்குகின்றனர். அது நிறைந்துள்ள குடலே சிறந்தது என்பது அவர்தம் கருத்து.

பெருங்குடலுக்குத் 'தேசாங்' என்பது பெயர். 'மாக்சாங்' என்னுஞ் சொல் 'கடைசிக் குடல்' எனப் பொருள்படும். ஆனால் மாட்டைப் பற்றிப் பேசுங்கால் அச்சொல் நான்காம் இரைப்பையையும், பன்றியைப் பற்றிப் பேசுங்கால் பெருங்குடலின் இறுதிப் பகுதியையும் குறிக்கும். ஒரே சொல் விலங்குக்கேற்பப் பொருள் மாறி நிற்றல் மொழி பயிற்றும் ஆசிரியர்கள் நோக்கத்தக்கது.

அசை போடும் விலங்காகிய மாட்டிற்கு இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் முதலாவது 'யாங்' எனப்படும். அதன் தடித்த பகுதியை அனலில் வாட்டி உண்பர். மூன்றாவது அறை, ஏட்டின் இதழ்களைப் போல மடிப்பு மடிப்பாக அமைந்திருத்தலின், 'ஆயிரம் இலை' எனப் பொருள்படும் 'சோன்யோப்' என்னும் பெயர் பெற்றது. இதனைப் பச்சையாகவே எள்நெய்யிலும் உப்பிலும் தோய்த்து உண்ணும் வழக்கமும் உண்டு. ஓர் உறுப்பின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப்பெயர் வழங்குகின்ற நாட்டில், அவ்வுறுப்பு நெடுங்காலமாக மதிக்கப்பட்டு வந்துள்ளது என்று கொள்வதில் தவறில்லை.

கழுவும் வேலை

குடற்சமையலில் அடுப்பு வேலை சிறிது; கழுவும் வேலையே பெரிது. மாட்டின் சிறுகுடலைச் சுற்றியுள்ள கொழுப்பை முதலில் அரிந்து நீக்குவர். மேலே படர்ந்துள்ள மெல்லிய சவ்வையும் உரித்தெடுப்பர். பின்னர்க் கோதுமை மாவும் கல்லுப்பும் இட்டுப் பிசைந்து பிசைந்து, நீரை மாற்றி மாற்றிப் பன்முறை அலசுவர். உள்ளிருக்கும் 'கோப்' வெளியேறிவிடாதிருத்தல் வேண்டுமாகையால் இருமுனைகளையும் கட்டிவைப்பதும் உண்டு. பன்றிக்குடலுக்கு முறை வேறு. அதனை உட்புறம் வெளியாகத் திருப்பிக் கழுவி, இஞ்சி, சோயா அவரைச் சாந்து முதலியவற்றோடு அவித்து நாற்றம் போக்கிய பின்னரே தீயிலிடுவர். மிளகாய்ச் சாந்தும் காய்கறிகளும் சேர்த்து வதக்கி உண்பதும் பெருவழக்கு.

மாட்டுக்குடலை நீளமாகவே தட்டில் வளைத்து இட்டு, வெந்து வருங்கால் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்குவர். உருகி வழியும் கொழுப்பில் வெங்காயமும் உருளைக்கிழங்குத் துண்டுகளும் வேகும். மிளகாய்த்தூள் கலந்த பூண்டுத்தாள் கீரை உடன் வைக்கப்படும். அதன் காரம் கொழுப்பின் திகட்டலை மாற்றும். இறுதியில் எஞ்சிய கொழுப்பிலேயே சோற்றை இட்டு வறுத்து உண்டு முடிப்பர். 'சோசு' என்னும் மதுவும் பெரும்பாலும் உடனிருக்கும்.

இத்தனை உழைப்பும் நன்கு செய்யப்படின் உணவு மணக்கும். சிறிது குறையினும் நாறும். இக்குறையைத்தான் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன் ஓர் அயல்நாட்டார் கண்டு எழுதி வைத்தார்.

சீனத் தூதர் கண்டது

கி.பி. 918 முதல் 1392 வரை கொரியாவை ஆண்டது கோரியோ அரசு. பௌத்தம் அக்காலத்தில் அரசின் ஆதரவு பெற்ற சமயமாக விளங்கிற்று. 1123ஆம் ஆண்டில் சீனத்துச் சோங் அரசு அனுப்பிய தூதுக்குழுவில் சூ சிங் என்பவரும் வந்தார். தலைநகரில் ஏறத்தாழ ஒரு திங்கள் தங்கி, தாம் கண்டவற்றை 40 பகுதிகள் கொண்ட நூலாக எழுதி மறு ஆண்டே தம் பேரரசருக்கு அளித்தார்.

அந்நூலில் அவர் கொரியர் விலங்கை அறுக்கும் முறையைக் குறை கூறுகின்றார். கொல்லாமையை விரும்பும் பௌத்த நெறியினராதலின் அவர்கள் அறுக்கும் தொழிலில் தேர்ச்சியற்றவர்கள் என்றும், விலங்கின் கால்களைக் கட்டி நெருப்பிலிட்ட பின்னரே வயிற்றைப் பிளந்து குடலை அறுத்தெறிந்து அழுக்கைக் கழுவுகின்றனர் என்றும், அதனால் குழம்பு வைத்தாலும் வாட்டினாலும் தீநாற்றம் நீங்குவதில்லை என்றும் எழுதுகின்றார். சுவையறிந்த விருந்தாளி ஒருவரின் முறையீடு இது. குடலைப் பக்குவமாகக் கையாளுதல் ஒரு கலை என்பதும், அக்கலை எல்லார்க்கும் தானே வருவதன்று என்பதும் இதனால் விளங்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர் கோரியோவை அடிப்படுத்தினர். ஊன் உண்ணும் வழக்கமுடைய அவர்களின் தொடர்பால் கொரியரிடையே இறைச்சி உணவு மீண்டும் பெருகிற்று. அதனோடு அறுக்கும் தொழிலில் கைதேர்ந்த ஒரு கூட்டத்தாரின் தேவையும் பெருகிற்று.

ஏட்டில் ஏறிய குடல்

1392ஆம் ஆண்டில் ஜோசன் அரசு தோன்றியது. கன்பூசிய நெறியே அதன் வழிகாட்டி. முன்னோர் வழிபாட்டிற்கும் விருந்தோம்பலுக்கும் இறைச்சி வேண்டப்பட்டது. அக்காலச் சமையல் நூல்கள் குடலையும் இரைப்பையையும் எவ்வாறு போற்றின என்பதைக் காண்போம்.

ஜாங் கே-ஹியாங் அம்மையார் (1598-1680) உயர்குடியில் பிறந்தவர். முதுமையில், ஏறத்தாழ 1670ஆம் ஆண்டில், தம் பெண்மக்களுக்கும் மருமக்களுக்குமாகக் கொரிய எழுத்தில் 'உம்சிக் திமிபாங்' என்னும் சமையல் நூலை எழுதினார். பெண்பாலார் ஒருவர் கொரிய எழுத்தில் இயற்றிய பழைய சமையல் நூல்களுள் இது தலைசிறந்தது. மாட்டின் இரைப்பையை வேகவைத்துப் பக்குவம் செய்யும் முறையை இந்நூலில் காணலாம்.

1766ஆம் ஆண்டில் யூ ஜுங்-ரிம் என்பார் விரிவுபடுத்திய வேளாண்மை, இல்லற நூலில் மாட்டுக்குடலை ஆவியில் அவிக்கும் முறை கூறப்பட்டுள்ளது. 1809ஆம் ஆண்டில் பிங்ஹோகாக் யீ அம்மையார் (1759-1824) தொகுத்த 'கியூஹாப் சோங்சோ' என்னும் மகளிர் கலைக்களஞ்சியம் அதனை மேலும் விளக்குகின்றது. குடலை உள்ளும் புறமும் தூய்மை செய்து, அடியளவாக நறுக்கி, மாட்டிறைச்சி, கோழியிறைச்சி, காட்டுக்கோழி இறைச்சி ஆகியவற்றைக் கொத்திச் சோயாச் சாறும் மசாலையும் கலந்து உள்ளே நிறைத்து, இருமுனையையும் நூலால் கட்டவேண்டும். பானையில் நீரூற்றிக் குறுக்கே மூங்கில் கழிகளை வைத்து, நீர் படாதவாறு அவற்றின்மேல் குடலைக் கிடத்தி ஆவியில் அவித்தல் வேண்டும். மூவகை இறைச்சியைக் குடலுக்குள் நிறைத்து உண்ணும் வாய்ப்பு ஏழைக்கு எங்கிருந்து வரும்? இஃது உயர்குடி அடுக்களையின் உணவே என்பதில் ஐயமில்லை.

அடுப்பைச் சூழ்ந்து அமர்ந்து வாட்டி உண்ணும் பழக்கமும் புதியதன்று. ஹோங் சோக்-மோ என்பார் 1849ஆம் ஆண்டில் கொரியரின் திங்கள்வாரி வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். பத்தாம் திங்களில் சியோல் மக்கள் கரியடுப்பின்மேல் இருப்புத் தட்டை வைத்து, எண்ணெய், சோயாச் சாறு, பூண்டு, மிளகாய் முதலியன சேர்த்த மாட்டிறைச்சியை வாட்டி, அடுப்பைச் சுற்றியமர்ந்து உண்பர் என்று அவர் குறித்துள்ளார். இன்றைய குடற்கடையின் மேசைக்கு இக்குளிர்கால அடுப்பே முன்னோடி எனலாம்.

இந்நூல்கள் யாவும் குடலைத் தூய்மை செய்க என்று ஓரிரு சொற்களில் கூறி மேலே செல்கின்றன. அவ்வோரிரு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கும் மக்களைப் பற்றி அவை யாதும் உரைக்கவில்லை.

தடையும் தொழிலும்

ஜோசன் அரசு உழவையே நாட்டின் உயிரெனக் கருதியது. உழுமாடு குறைந்தால் விளைவு குறையும். ஆதலின் மாடு அறுப்பதும், மது வடிப்பதும், ஊசியிலை மரங்களை வெட்டுவதும் முப்பெருந் தடைகளாக விதிக்கப்பட்டன. சட்டம் தடுத்தது, ஆயினும் நாக்கு விடவில்லை. சியோலில் சோங்கியுன்குவான் என்னும் கன்பூசியக் கல்லூரியைச் சூழ்ந்த பான்சோன் என்னும் பகுதியில், அக்கல்லூரிக்கு அடிமைகளாயிருந்த மக்கள் மாட்டை அறுத்து இறைச்சிக் கடை நடத்த அரசே இசைவளித்தது. அதற்கீடாக அவர்கள் பணம் கட்டினர். நாட்டின் உயர்ந்த கல்வி நிலையத்தின் நிழலிலேயே நாட்டின் இறைச்சிக் கடைகளும் இருந்தமை வியப்பன்றோ?

நாட்டுப்புறங்களில் இத்தொழில் 'பெக்ஜோங்' என்னும் மக்களிடம் இருந்தது. இப்பெயரின் வரலாறு இரங்கத்தக்கது. கோரியோ காலத்தில் இச்சொல் எளிய குடிமக்களைக் குறித்தது. வேட்டையாடியும், கூடை முடைந்தும், விலங்கறுத்தும், ஆடிப்பாடியும் ஊர் ஊராகத் திரிந்த கூட்டத்தார் வேறு பெயர்களால் இழித்துரைக்கப்பட்டனர். 1423ஆம் ஆண்டில் செஜோங் மன்னர் அப்பெயர்களை நீக்கி, அவர்களும் ஏனைய மக்களோடு ஒன்றாகுக என்னும் நோக்கத்தோடு 'பெக்ஜோங்' என்னும் பெயரை அவர்களுக்குச் சூட்டினார். விளைந்ததோ வேறு. பொதுமக்கள் தம்மை அப்பெயரால் அழைத்துக்கொள்வதையே விட்டுவிட்டனர். நல்ல பெயர் இழிபெயர் ஆயிற்று. மன்னர் பெயரை மாற்றினார். மக்கள் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

பெக்ஜோங் மக்கள் ஊருக்குப் புறத்தே வாழ்ந்தனர். ஓட்டு வீடு கட்டுதல், பட்டு அணிதல், குடிமகனுக்குரிய கரிய தொப்பியைத் தலையில் வைத்தல் ஆகியவை அவர்களுக்கு விலக்கப்பட்டன. மூங்கிற் சிம்பால் முடைந்த தொப்பியே அவர்தம் அடையாளம். வயது முதிர்ந்த பெக்ஜோங்கும் பிற குலத்துச் சிறுவனிடம் பணிவு மொழியிலேயே பேசுதல் வேண்டும். அவர்கள் அறுத்துக் கொடுத்த இறைச்சி மேன்மக்களின் வழிபாட்டு மேடையில் ஏறிற்று. அவர்களோ அவ்வீட்டு முற்றத்திலும் நிமிர்ந்து நிற்க இயலவில்லை.

தந்தையும் மகனும்

1893ஆம் ஆண்டில் சியோலில் பாக் சோங்-சுன் என்னும் பெக்ஜோங் கடுங் காய்ச்சலுற்றுக் கிடந்தார். சாமுவேல் மூர் என்னும் அமெரிக்கச் சமயத் தொண்டரின் வேண்டுகோளால், கோஜோங் மன்னரின் மருத்துவராக விளங்கிய ஏவிசன் அவர் குடிலுக்கு வந்து மருத்துவம் செய்தார். அரசரின் நாடி பிடித்த கை தம் நாடியையும் பிடித்ததை எண்ணிப் பாக் உருகினார், கிறித்தவரானார். அவர் தொழச் சென்ற கோயிலில் உயர்குடியினர் அவரோடு உடனமர மறுத்து வெளியேறினர். மூர் அதற்கு இணங்கவில்லை.

1894ஆம் ஆண்டின் சீர்திருத்தம் குலவேற்றுமைகளைச் சட்டத்தளவில் ஒழித்தது. எனினும் நடைமுறை மாறாமையால், மறு ஆண்டில் மூர் முதலியோரின் துணையுடன் பெக்ஜோங் மக்கள் அரசுக்கு முறையிட்டுக் கரிய தொப்பி அணியும் உரிமையைப் பெற்றனர். ஒரு தொப்பிக்காகவா இத்தனை முயற்சி எனச் சிலர் எண்ணக்கூடும். ஐந்நூறு ஆண்டுகள் தலையில் சுமந்த இழிவை இறக்கி வைப்பதற்கு அத்தொப்பியே அடையாளமாயிற்று.

1898ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் சியோலில் அரசு அதிகாரிகளும் மக்களும் கூடிய பெருங்கூட்டத்தில் பாக் சோங்-சுன் எழுந்து பேசினார். ஒற்றைக் கழியால் தாங்கப்படும் கூடாரம் வலிமையற்றது, பல கழிகள் சேர்ந்து தாங்குவதே வலிமையுடையது, நாடும் அத்தகையதே என்பது அவர் உரையின் சாரம். அவருடைய மகன் பாக் சோ-யாங், ஏவிசனிடம் மேலைநாட்டு மருத்துவம் பயின்று, 1908ஆம் ஆண்டில் அக்கல்லூரியின் முதல் பட்டதாரிகள் எழுவருள் ஒருவராகத் தேறினார். பின்னர் ஆசிரியராகவும் பணியாற்றினார். இறுதியில் மஞ்சூரியாவில் குடியேறிய கொரியரிடையே மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் நடத்தினார். விலங்கறுத்தவரின் மகன் மனிதர் உயிர்காக்கும் மருத்துவரானார்.

நிறைகோல் சங்கம்

ஒரு குடும்பத்தின் உயர்வு ஒரு குலத்தின் விடுதலை ஆகிவிடாது. 1909ஆம் ஆண்டில் வந்த சட்டம் விலங்கறுத்தலை உரிய இடங்களில் மட்டுமே செய்யவேண்டும் என்று வரையறுத்தது. 1910ஆம் ஆண்டில் கொரியா ஜப்பானுக்கு அடிமைப்பட்டது. தொழிலின் ஊதியம் பிறர் கைக்குச் சென்றது; இழிவு மட்டும் பெக்ஜோங் மக்களிடம் எஞ்சியது. குடிப்பதிவேட்டில் அவர்தம் பெயரருகே குலத்தைக் காட்டும் குறியீடு இடப்பட்டது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பதிவேட்டின் படியைக் காட்டவேண்டும். காட்டியவுடன் குலம் வெளிப்படும். வெளிப்பட்டால் கதவு மூடப்படும்.

தென்பகுதியிலுள்ள ஜின்ஜு நகரில் யீ ஹாக்-சான் என்னும் செல்வமிக்க பெக்ஜோங் தம் மகனைப் பள்ளியில் சேர்க்க முயன்றார். பொருள் இருந்தும் இடம் மறுக்கப்பட்டது. இக்கொடுமை பலர் உள்ளத்தைச் சுட்டது. 1923ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அந்நகரில் 'ஹியோங்பியோங்சா' என்னும் சங்கம் நிறுவப்பட்டது. 'ஹியோங்' என்பது நிறைகோல். 'பியோங்' என்பது சமநிலை. இறைச்சிக் கடைக்காரர் நாள்தோறும் கையில் பிடிக்கும் நிறைகோலே மக்கட் சமநிலைக்கு அடையாளமாயிற்று. இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது.

பெக்ஜோங் குலத்து ஜாங் ஜி-பில் போன்றவர்களோடு, உயர்குடியிற் பிறந்த காங் சாங்-ஹோவும் இச்சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராக நின்றார். அவரைப் 'புதுப் பெக்ஜோங்' என்று ஊரார் எள்ளினர். எதிர்ப்பாளர் ஜின்ஜுவில் மாட்டிறைச்சி வாங்குவதில்லை என்று கட்டுப்பாடு செய்தனர். அதாவது, இறைச்சியை விற்பவன் தமக்கு நிகர் என ஒப்புவதைவிட இறைச்சியைத் துறப்பதே மேல் என்று கருதினர். 1925ஆம் ஆண்டில் யேச்சோன் என்னும் ஊரில் சங்கத்தார் தாக்கப்பட்டனர். எனினும் கிளைகள் நாடெங்கும் பரவின. பிள்ளைகளின் கல்வியைச் சங்கம் தன் முதன்மையான வேண்டுகோள்களுள் ஒன்றாகக் கொண்டது. ஜப்பானிய ஆட்சியின் நெருக்கடியாலும் உட்பூசலாலும் 1935ஆம் ஆண்டில் அது பெயர் மாறித் தன் பழைய வேகத்தை இழந்தது. காங் சாங்-ஹோ 1957ஆம் ஆண்டில் வறுமையில் மறைந்தபோது, இறைச்சித் தொழில் சங்கத்தாரே திரண்டு வந்து அவருக்குச் சிறப்பாக இறுதிக்கடன் ஆற்றினர்.

கடல் கடந்த குடல்

ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் பிழைப்புக்காகக் கொரியர் பலர் ஜப்பான் சென்றனர். ஒசாக்கா நகரில் ட்சுருஹாஷி முதலிய இடங்களில் அவர்கள் மிகுதியாகக் குடியேறினர். 1945ஆம் ஆண்டில் போர் முடிந்தபின், பஞ்சத்தின் நடுவே தோன்றிய சந்தைகளில் மாடு, பன்றிகளின் உள்ளுறுப்புக்களை வாட்டி விற்றுப் பலர் உயிர் வாழ்ந்தனர். அவ்வுணவு ஜப்பானில் 'ஹோருமோன்' என வழங்குகின்றது.

ஒசாக்காப் பேச்சு வழக்கில் 'எறியும் பொருள்' என்பதைக் குறிக்கும் 'ஹோருமோனோ' என்னுஞ் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததென்பர். கேட்பதற்கு இனிய விளக்கமாகையால் இது பரவிவிட்டது. ஆனால் போருக்கு முன்பே, உடலுக்கு ஊக்கந்தரும் உணவுகளை, உடற்கூற்று நூலார் கூறும் 'ஹார்மோன்' என்பதன் பெயரால் ஜப்பானியர் அழைத்து வந்தனர் என்பதை ஆய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். எறிந்ததை எடுத்து உண்டனர் என்னும் கதை, கொரியாவிற் போலவே ஈண்டும் உணவின் பிறப்பை விளக்கப் போதவில்லை.

போருக்குப் பின்

கொரியாவில் 1950 முதல் 1953 வரை நடந்த போர் நாட்டைச் சிதைத்தது. வடக்கிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் தப்பி வந்தோர் தெற்குத் துறைமுகமாகிய பூசானில் நிரம்பினர். சதையிறைச்சி வாங்க இயலாதவர்க்கு உள்ளுறுப்புக்கள் பசியாற்றின. முன்னாளில் உயர்குடி ஏட்டில் இடம்பெற்ற குடல், இப்பொழுது உழைப்பாளர் உணவாயிற்று. ஏழைகள் உணவு என்னும் கூற்று இக்காலத்தைப் பொறுத்தவரை மெய்யே.

குடல் விரைவில் கெடும் பொருள். குளிர்ப்பெட்டி பரவாத காலத்தில் அன்று எடுத்ததை அன்றே கழுவி அன்றே விற்றாக வேண்டும். ஆகையால் அறுப்புக் கூடங்களின் அருகிலேயே குடற்கடைகள் தோன்றின. சியோலில் 1961ஆம் ஆண்டில் மாஜாங் பகுதிக்கு நகர அறுப்புக் கூடம் வந்தது. அதனை அடுத்த வாங்சிம்னி குடற்கடைகளுக்குப் பெயர் பெற்றது. அக்கூடம் 1998ஆம் ஆண்டில் மூடப்பட்ட பின்னும் இறைச்சிச் சந்தை அங்கேயே நிலைத்தது. தேகு நகரம் 'மாக்சாங்' உணவிற்குப் புகழ் பெற்றது. அங்கு அவரைச் சாந்தில் வெங்காயத்தாளும் பச்சை மிளகாயும் நறுக்கியிட்டுத் தொட்டுக்கொள்வர். அந்நகரின் ஆன்ஜிராங் சந்தில் 1970களின் இறுதியில் தோன்றிய பன்றிக்குடல் கடைகள், 1997ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் ஒரு முழுத் தெருவாகப் பெருகின. வேலை இழந்தவர் கடை வைத்தனர். கையில் பணம் குறைந்தவர் வந்து உண்டனர்.

இந்நிலையும் மாறிற்று. 2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 'மாமாமூ' குழுவின் பாடகி ஹ்வாசா, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் தனியே ஒரு கடையில் அமர்ந்து மாட்டுக்குடலைச் சுவைத்து உண்டார். மறுநாள் முதல் நாடெங்கும் குடற்கடைகளில் கூட்டம் நெருக்கிற்று. பல கடைகளில் சரக்குத் தீர்ந்தது. கழுவிக் கொழுப்பு நீக்கியபின் எஞ்சுவது சிறிதளவே ஆதலால் மாட்டுக்குடல் இன்று மலிவான உணவன்று. ஏழையின் தட்டில் சில காலம் தங்கிய அது, மீண்டும் பணமுடையோர் மேசைக்கு ஏறிவிட்டது.

முடிவுரை

அரண்மனைக் காலத்து ஏடு, போர்க்காலத்துத் தெரு, இக்காலத்துத் தொலைக்காட்சி என மூவகை இடங்களிலும் குடல் ஒன்றே. அதன் மதிப்பு மட்டும் உண்பவரைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. ஆனால், அதனை எடுத்துக் கொடுத்த மக்களின் மதிப்பு, உணவின் மதிப்பு உயர்ந்தபோதெல்லாம் உடன் உயர்ந்துவிடவில்லை. அஃது உயர்வதற்கு ஒரு மருத்துவரின் வருகையும், ஒரு தந்தையின் மேடைப்பேச்சும், பள்ளிக்கதவு மூடப்பட்ட ஒரு பிள்ளையின் கண்ணீரும், ஒரு சங்கத்தின் போராட்டமும் வேண்டியிருந்தன.

பெக்ஜோங் என்னும் குலம் கொரியாவில் இன்று தனித்து அறியப்படுவதில்லை. போரும் இடப்பெயர்ச்சியும் ஊரையும் உறவையும் கலைத்து, யார் எக்குலம் என்பதே தெரியாதபடி செய்துவிட்டன. ஆனால் சொல் மறையவில்லை. கொடுமை செய்வோரை 'மனிதப் பெக்ஜோங்' என்று வைதல் இன்னும் அம்மொழியில் உண்டு. மக்களை விடுவிப்பதைக் காட்டிலும் சொற்களை விடுவித்தல் கடினம் போலும். மொழியைப் பயிற்றும் பொறுப்புடையோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஜின்ஜு நகர மக்கள் தாமே நன்கொடை திரட்டி 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், மனித உரிமை நாளன்று, நிறைகோல் சங்கத்திற்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். எந்நகரில் ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை என்றனரோ, அந்நகரிலேயே அச்சின்னம் எழுந்தது. அதனை இன்று பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியருடன் வந்து காண்கின்றனர். அவர்களுள் யார் பெக்ஜோங் வழியினர் என்று கேட்பார் எவருமிலர்.